என்னிடம் கேட்டார்கள்

மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை இறக்குவது என் தொழில். லாரியின் மேல் நிற்கிறவன் குலையைச் சாய்த்துக் கொடுப்பான். நான் கீழே நின்று தோளில் வாங்கி, கடைக்குள் கொண்டுபோய்ச் சாக்கின் மேல் நிறுத்துவேன். காய் நசுங்காமல் இறக்குகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வாய் திறக்காதவன் என்று இன்னொரு பெயரும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழ் வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்ச காலமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வயது ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் ஏத்தன் என்கிற நேந்திரன் குலை ஒன்றைத் தோளில் வாங்கி நாலடி வைத்திருப்பேன். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் சுருங்கிக்கொண்டே போனது. விழித்தபோது தரையில் கிடந்தேன். குலை விழுவதற்குள் யாரோ தாவிப் பிடித்துவிட்டார்களாம். என்னைப் பிடிக்கத்தான் ஆளில்லை. "ஏத்தன் விக்கிற வெலைக்கு வேற எதப் பிடிக்க?" என்று கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பக்கத்துக் கிளினிக்கில் நெஞ்சில் வயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் ஊசி கூடப் போடாமல், உடனே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஊசி போடாத டாக்டரைக் கண்டு என் மனைவி வசந்தா அழத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் நோயாளிக்குத் துணை நிற்பவரைப் பைஸ்டாண்டர் என்று சொல்வோம். வீட்டில் யார் அதிகம் படித்தவரோ அவர்தான் பைஸ்டாண்டர். டாக்டரிடம் பேசுவது, பதில் சொல்வது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. நோயாளி படுத்திருந்தால் போதும். எனக்கு அப்படி வந்தவர் அத்தான், என் அக்காளின் கணவர். மஸ்கட்டில் பல வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர், இங்கிலீஷ் பேசுவார். ஒரு தோல் பையோடு வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டார். "நீ மிண்டாம கெட மக்கா, நான் பேசிக்கிடுகேன்" என்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

எக்கோ அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாரும் அந்தக் கதவைப் பார்க்கிறார்கள். அந்தப் பெஞ்சில் இப்போது இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எக்கோ வலிக்காது. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். உள்ளே இதயம் துடிப்பது திரையில் தெரியும். என் இதயத்தை நானும் பார்த்தேன். மூடித் திறக்கும் மீன்வாய் மாதிரி இருந்தது.

பார்த்த டாக்டர் என்னைத் தாண்டி அத்தானிடம் இங்கிலீஷில் சொன்னார். அத்தான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, சதை கொஞ்சம் தடிச்சிருக்காம்" என்று எனக்குச் சொன்னார். இதயத்துக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. எனக்கு அந்தச் சுவர் தடித்துப்போய், ரத்தம் வெளியே போகிற வழி குறுகிவிட்டது. சும்மா இருக்கும்போது தெரியாது. பாரம் தூக்கினால், ஓடினால், இதயம் தாளம் தப்பி நின்றும் போகலாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது "ஒண்ணுமில்ல" மட்டும்தான்.

வார்டில் சேர்த்த மறுநாள் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஒருவர் என் சட்டையை மேலே தூக்கினார். ஒருவர் பின் ஒருவராகக் கருவியை நெஞ்சில் வைத்தார்கள். தலைக்கு மேல் இங்கிலீஷ் ஓடியது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போகும்போது ஒரு பையன், "நல்ல கேஸ்" என்றான். நோய் சீக்கிரம் தீர்ந்துவிடும் போல என்று நான் சந்தோஷப்பட்டேன். படிப்பதற்கு நல்ல கேஸ் என்று அத்தான் விளக்கினார்.

அடுத்த முறை அவர்களோடு பேராசிரியரும் வந்தார். நரை விழுந்த, குள்ளமான அம்மா. மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே பிள்ளைகளை நிறுத்தி, "இவர் பேரென்ன?" என்று தமிழில் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டில் நம்பர் தெரிந்திருந்தது. "பேர் தெரியாத ஆளோட நெஞ்சுல கை வைக்கக் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சுயம்பு அண்ணே, இதுங்க படிக்கிற பிள்ளைங்க. உங்க நெஞ்சுச் சத்தத்தக் கேட்டாத்தான் நாளைக்கு இன்னொருத்தருக்குக் கண்டுபிடிக்க முடியும். கேக்கலாமா? வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

"தாராளமா கேக்கட்டும் மேடம்" என்று அத்தான் சொன்னார்.

"சந்தோஷம் சார். ஆனா அவர் சொல்லட்டும்."

நான் தலையசைத்தேன். பயத்திலும் தலை அசையும், வாயால் சொல்லுங்கள் என்றார். வார்டு முழுவதும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. "சரி" என்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபின், பெயரைத் தவிர, நான் டாக்டர் ஒருவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒரு திரையை இழுத்து மறைத்த பிறகுதான் சட்டையைக் கழற்றச் சொன்னார். என்னைக் குந்தி உட்காரவைத்தார், எழுந்து நிற்கவைத்தார். இந்த நோயில் குந்தும்போது சத்தம் குறையும், நிற்கும்போது கூடும். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். கடைசியில் மேடம் அந்தக் கருவியை என் காதிலேயே மாட்டிவிட்டார். வயல் மடையில் பாதி அடைத்த துளை வழியாகத் தண்ணீர் இறுகிப் போகும் சத்தம் போல இருந்தது. இத்தனை காலம் அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று மேடம் கேட்டார். நான் வாயெடுக்குமுன் அத்தான் சொல்லிவிட்டார். "இல்ல மேடம். இவனுக்க அப்பா தெங்கிலிருந்து விழுந்தது. அண்ணன் குளத்துல முங்கிப்போனது. வேற ஒண்ணுமில்ல."

அது எங்கள் வீட்டுக் கதை. உண்மை அதுவல்ல. அப்பா தென்னை மரத்தில் ஏறவே இல்லை. மரம் ஏறுகிற கயிற்றுத் தளையைக் காலில் மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். அண்ணன் குளத்தில் நீந்திக் கரையேறி, படிக்கட்டில் நின்று தலை துவட்டும்போது விழுந்தான். குடும்பத்தில் நெஞ்சுக்கோளாறு என்று வெளியே தெரிந்தால் அக்காளை யாரும் கட்டமாட்டார்கள் என்று பெரியவர்கள் மரத்தையும் தண்ணீரையும் சொல்லிவைத்தார்கள். அப்போது நான் சிறுவன். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

அத்தான் அதையே அன்றைக்கும் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவர் மகன் அருணுக்கும் என் மகள் சுஜிதாவுக்கும் கல்யாணம் என்று சிறுவயதிலேயே பேசிவைத்திருந்தோம். முறைப்பையன், முறைப்பெண். அருண் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டத் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தான். வேலை கிடைத்ததும் கல்யாணம். நெஞ்சுக்கோளாறு என்று வெளியே வந்தால் இரண்டும் நின்றுபோகும்.

இரவுகளில் அதை நினைத்துக்கொண்டே கிடந்தேன். அருணின் உடம்பிலும் என் அப்பாவின் ரத்தம்தானே, என் அக்காள் வழியாக. அவன் ஓடுகிறான். ஆனால் அத்தான் சொன்னதை மறுத்து எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது?

பகலில் அந்த யோசனைக்கு இடமில்லை. அக்காள் உப்பில்லாத கஞ்சியும் பயறும் கொண்டுவந்து, உப்பில்லாததற்குத் தானே குற்றவாளி போல நிற்பாள். சந்தைக்காரர்கள் ஒரு பெரிய மட்டிப்பழக் குலையையே வார்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். இது என்ன ஆஸ்பத்திரியா பழக்கடையா என்று சத்தம் போட்ட நர்ஸம்மா, பிறகு வார்டு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் இரண்டு எடுத்துக்கொண்டார். வசந்தா காலையில் எங்கள் சாமியான அய்யாவை நினைத்து என் நெற்றியில் நாமம் இடுவாள். வைத்தியச் செலவுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதற்கு மேல் வந்ததற்கு அக்காளின் வளையல் போனது. அவள் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், கை நோவுகிறது என்று கழற்றி வைத்தேன் என்றாள்.

ஒரு மத்தியானம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மாணவி தனியாக வந்தாள். ரிஸ்வானா, குளச்சல் பிள்ளை. நோயாளியிடம் முழுவதும் கேட்டு எழுதிப் பழகுவது அவர்கள் பாடம். இப்போது பேச முடியுமா, களைப்பாக இருந்தால் நாளைக்கு வரட்டுமா என்றாள். அத்தான் சாயா குடிக்கப் போயிருந்தார். அவர் வந்ததும் கேட்டுக்கொள் மக்களே என்றேன். "அவங்கள அப்புறம் கேக்கேன். இப்போ உங்களத்தான் கேக்க வந்தேன்" என்றாள்.

என் வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டாள். எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள், என் மகளைப் போல. பிறகு, "அப்பா எப்படி இறந்தாங்க? நீங்க அப்போ கூட இருந்தீங்களா?" என்றாள்.

இந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கூடத்தான் இருந்தேன். தளையை எடுத்துக் கொடுத்தவன் நான்.

சொல்லிவிட்டேன். அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, இது மேடத்துக்குத் தெரியணும். வைத்தியமே மாறும். ஆனா நீங்க என்னை நம்பிச் சொன்னது. நான் சொல்லட்டுமா?" என்றாள்.

சொன்னால் கல்யாணப் பேச்சு என்னாகும், அத்தான் முகம் என்னாகும் என்று நினைத்தேன். அருண் மைதானத்தைச் சுற்றி வருவதையும் நினைத்தேன். "சொல்லு மக்களே" என்றேன்.

சாயங்காலமே மேடம் வந்தார். மறுபடி விசாரித்தார், இந்த முறை என்னிடம். அத்தான் தோல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் போனதும் குனிந்து என் காதருகில் வந்தார்.

"நான் ஒனக்க அக்காளக் கெட்டும்போ எனக்கிட்டயும் தெங்கிலிருந்து விழுந்தாருன்னுதான் பறஞ்சினும். உண்மை அறிஞ்சப்போ அருண் பிறந்து நடக்கத் தொடங்கியாச்சு. ஒனக்க வீட்டுல யாருகிட்டயாவது நான் ஒரு வாக்கு கேட்டிருக்கேனா? இப்போ நீ கண்டவங்ககிட்ட எல்லாம் பறையுக."

அவர் சொன்னது உண்மைதான். இத்தனை வருஷமாக அவர் கேட்கவில்லை. அக்காளை ஒரு சொல் சொன்னதும் இல்லை.

"அத்தான், அருண் ஓடுகான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். போனில் அவர் குரல் கேட்டது. "நாளைக்கு நீ ஓடண்டாம். காரணமெல்லாம் நேருல பறையுகேன். ஓடண்டாம்னா ஓடண்டாம்."

இரண்டு மரணங்களும் தெரிந்தபின் என் வைத்தியம் மாறியது. வெறும் மாத்திரை போதாது என்று தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அதுவே ஒரு அதிர்ச்சி கொடுத்து நேராக்கிவிடும். வார்டில் எனக்குப் பேட்டரிக்காரர் என்று பெயர் வந்தது. அருணுக்கு எக்கோ எடுத்தார்கள். அவனுக்கும் சுவர் தடிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் ஷூவின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அத்தான் அவனுக்கு அருகில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தார். நெடுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

அதன்பின் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஜீன் வழியாக வருகிறது. ஜீன் என்றால் உடம்பைக் கட்டுவதற்கான குறிப்பு, ரத்தத்திலும் அது இருக்கிறது என்றார். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அது கெட்ட மாற்றமா, சும்மா வித்தியாசமா என்று சொல்ல, நிறையப் பேரோடு ஒப்பிட வேண்டும். இதுவரை ஒப்பிட்டதில் பெரும்பாலும் வெளிநாட்டார்தான். நம் பக்கத்து ஆட்கள் மிகக் குறைவு. அதனால் நமக்கு வரும் பதில் பல நேரம் 'தெரியாது' என்றே இருக்கிறதாம். எங்கள் குடும்பத்தின் ரத்தம் கிடைத்தால் உதவும் என்றார். பெயர் வெளியே போகாது, எங்களுக்கு இதனால் லாபம் ஒன்றும் உறுதி இல்லை, பாதியில் வேண்டாம் என்றாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புரிந்ததா என்று கேட்கவில்லை. புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். ஒரு இடத்தில் தவறியது, மறுபடி விளக்கினார்.

"நாங்க யாரும் குடுக்கல்ல சார்" என்று அத்தான் எல்லாருக்குமாகச் சொன்னார்.

அவரவர் பதிலை அவரவர்தான் சொல்ல வேண்டும், அப்பா மகளுக்காகக்கூடச் சொல்ல முடியாது என்றார் ஆராய்ச்சியாளர். பிறகு தயங்கி, "உங்க ரத்தம் எங்களுக்குத் தேவைப்படாது சார். நீங்க இந்தக் குடும்பத்துல கல்யாணம் வழியா வந்தவங்க" என்றார்.

அத்தானுக்கு முகம் சிவந்தது. "எனக்க ரத்தத்துக்கு என்ன கொறவு?" என்று கேட்டார். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் கொடுத்தேன். அக்காளையும் அருணையும் சுஜிதாவையும் தனித்தனியே ஒரு அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். மூன்று பேரும் கொடுத்தார்கள். சுஜிதாவின் எக்கோ நன்றாக இருந்தது, வருஷம்தோறும் பார்க்க வேண்டும். தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை இப்போது சொல்ல வேண்டாம், தேவைப்படும்போது தானே வந்து கேட்பதாக அவள் சொல்லிவிட்டாள். அதற்கும் சரி என்றார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன நாள் கேன்டீனில் எல்லாரும் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதா, இரண்டு பக்கமும் ஒரே ரத்தம் என்று விட்டுவிடுவதா என்று அத்தானும் அக்காளும் பேசினார்கள். சுஜிதா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒரு ஊசி ரத்தம் எடுக்க எனக்கிட்டத் தனியா கேட்டாங்க. கல்யாணத்துக்கு இதுவரை யாரும் கேக்கல்லியே."

என் வீட்டில் எனக்கு முன்னால் இப்படி ஒரு பெண் பேசியதில்லை. நான்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. "ஏட்டி, இப்போ கேக்கேன். ஒனக்கு அருணக் கெட்டச் சம்மதமா?" என்றேன்.

"இல்லப்பா" என்றாள். அருண் வாயில் வைத்த சாயா வெளியே தெறித்தது. "அப்பாடா, நீ சொன்னியா, நான் எப்படிச் சொல்லன்னு கெடந்து முழிச்சேன்" என்றான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் எழுந்து போய்க் கை கழுவினார். சாயாவுக்கு யார் கை கழுவுவார்கள்? கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இப்போது நான் குலை தூக்குவதில்லை. அதே சந்தையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்கிறேன். சத்தமாகச் சொல்ல வேண்டும், பழகிவிட்டது. அருண் குரூப் நாலு தேர்வுக்குப் படிக்கிறான். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. எனக்கும் அக்காளுக்கும் அருணுக்கும் ஒரே மாற்றம். இந்தப் பக்கத்து வேறு சில குடும்பங்களிலும் அதுவே இருந்ததால், இனி வரும் ஒருவருக்குத் 'தெரியாது' என்று சொல்ல வேண்டியிருக்காது என்றார்கள். எங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. இருந்தாலும் எடை சொல்லும்போது சில நேரம் அதை நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன்.

போன மாதம் மேடம் போனில் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு வகுப்பு, வர இஷ்டமா என்று கேட்டார். அத்தான் தோல் பையோடு தானாகவே வந்து நின்றார். அந்தக் கேன்டீனைக் கடக்கும்போது, "இங்கத்த சாயா கொள்ளாது" என்றார். சாயா நன்றாக இருக்காதாம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை.

வகுப்பறை படிப்படியாக மேலே ஏறிப்போகும் பெரிய அறை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் ஏறிய முதல் வகுப்பு அது. எனக்கு நாற்காலியை முன்னால், மேடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அத்தான் எனக்குப் பின்னால் நின்றார். கட்டிலில் கிடந்தபோது எப்படி இருந்தது என்று மேடம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சட்டையைத் தூக்கியதையும் சொன்னேன், நல்ல கேஸையும் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது.

கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒரு பையன் கருவியோடு எழுந்து வந்தான். அத்தானைப் பார்த்து, "சார், இவங்க நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

அத்தான் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"எனக்கிட்ட கேக்காத மக்கா" என்றார். "நெஞ்சு அவனுக்கதாக்கும்."

பையன் என் பக்கம் திரும்பி, என் பெயரைச் சொல்லிக் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அறை முழுவதும் காத்திருந்தது. மேடமும் காத்திருந்தார். எனக்குப் பின்னால் அத்தானும் மூச்சுக் காட்டாமல் நின்றார்.

"கேளு மக்களே" என்றேன். சட்டையின் மேல் பொத்தானை நானே கழற்றினேன்.